ஷாரின் எதிர்த்தாக்குதல் (1988): அந்தக் கடைசி வாக்குவாதம் ஒரு நெடுங்கதைக்குத் தகுந்த முடிவுதானா?

கேள்வி: நீள்வான்

நண்பர்களுக்கு வணக்கம். 1979-இல் வந்த முதல் மொபைல் சூட் கன்டம் அனிமே தொடர், 1985-இல் தொடங்கிய ஸீட்டா கன்டம், அதை அடுத்து வந்த டபுள் ஸீட்டா ஆகிய மூன்றையும் வரிசையாகப் பார்த்தபின், அமுரோ ரே, ஷார் அஸ்னபிள் இருவருக்கும் இடையிலான பகையை முடித்துவைக்கும் ‘ஷாரின் எதிர்த்தாக்குதல்’ திரைப்படத்தையும் பார்த்துவிட்டேன். யோஷியுகி டொமினோ எழுதி இயக்கிய படம். முடிவு உட்பட அனைத்தையும் இங்கே பேச வேண்டியிருப்பதால், பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்தபின் இந்த இழைக்கு வருவது நல்லது.

படம் எனக்குப் பிடித்திருந்தது. முன்கதைச் சுருக்கம் எதையும் சொல்லிக்கொண்டிராமல், ஃபிஃப்த் லூனா என்ற சிறுகோளை ஷாரின் நியோ ஸியோன் படை திபெத்தின் லாசா நகரின்மீது வீழ்த்துவதில் கதை தொடங்குகிறது. அதற்கு அடுத்ததாக ஆக்சிஸ் என்ற இன்னும் பெரிய சிறுகோளைப் பூமியில் மோதவிட்டு, நீண்ட பனிக்காலத்தை உண்டாக்கி, மக்கள் அனைவரையும் விண்வெளிக்குக் குடிபெயரச் செய்வதே ஷாரின் திட்டம் என்று தெரிந்த கணம் முதல், எங்கும் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆனால் முடிவில்தான் எனக்குக் குழப்பம். ஆக்சிஸின் ஒரு பாதி பூமியை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கிறது. சஸாபி என்ற தன் போர் இயந்திரத்தை இழந்த ஷார் அமர்ந்திருக்கும் கூண்டைப் பாறையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தன் இயந்திரமான நியூ கன்டத்தால் அந்தப் பாறையையே தள்ளி நிறுத்த முயல்கிறான் அமுரோ. உலகத்தின் கதி என்ன என்று தெரியாத அந்த நேரத்தில் இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? முதல் தொடரில் நடந்த ஓராண்டுப் போரில் இறந்துபோன லாலா சூன் என்ற பெண்ணைப் பற்றி. அவள் தனக்குத் தாயாகியிருக்கக்கூடியவள் என்றும், அவளை அமுரோ கொன்றுவிட்டான் என்றும் ஷார் குற்றம் சாட்டுகிறான். அமுரோ திகைத்துப் போகிறான். நானும் திகைத்துப் போனேன்.

ஸ்வீட் வாட்டர் என்ற விண்குடியிருப்பில் சாதாரண மக்கள் பயணம் செய்யும் ரயிலில் ஷார் ஏறி வரும்போது, அகதிகளாக அங்கே குடியேற்றப்பட்ட அந்த மக்கள் அவனுக்காகப் பாடுகிறார்களே, அந்த நம்பிக்கைக்கெல்லாம் என்ன பொருள்? அவன் பேசிய அரசியல் முழுவதும் ஒரு சொந்தத் துயரத்துக்குப் போட்ட போர்வைதானா? ஸீட்டா கன்டத்தில் அமுரோவோடு ஒரே அணியில் நின்ற மனிதன் எப்படி இங்கே வந்து சேர்ந்தான்? இந்த முடிவை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.


மறுமொழி: வைகறை

நல்ல கேள்வி, நீள்வான். ஸீட்டாவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஷாரின் கருத்து அந்தத் தொடருக்கும் இந்தப் படத்துக்கும் இடையில் மாறவேயில்லை என்பதுதான் என் எண்ணம்.

ஸீட்டாவின் 37-ஆம் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். குவாட்ரோ என்ற பெயரில் மறைந்திருந்த ஷார் டக்கார் நகரில், பூமியை ஆளும் கூட்டரசின் அவையைக் கைப்பற்றி, விண்வெளி மக்களின் தலைவராக இருந்த ஸியோன் டெய்க்குனின் மகன் தான் என்று உலகறியச் சொல்கிறான். பூமி களைத்துவிட்டது, அதை ஓய்வெடுக்க விட்டு மனிதர்கள் விண்வெளிக்குச் செல்ல வேண்டும் என்பதுதான் அன்றைய உரையின் சாரம். இந்தப் படத்திலும் அவன் வேண்டுவது அதையேதான். அன்று பேச்சால் கேட்டதை இன்று சிறுகோளால் கேட்கிறான். அந்தப் பேச்சு நிகழ்ந்த நாளில் அவனுக்குத் துணை நின்றவர்களில் அமுரோவும் ஒருவன் என்பதை மறக்கக்கூடாது.

பேச்சின்மீது அவன் நம்பிக்கையிழந்ததற்குக் காரணம் இருக்கிறது என்பதையும் படம் நேர்மையாகவே காட்டுகிறது. லாசா அழிந்த பிறகும் கூட்டரசின் அதிகாரியான அடெனாவர் பராயா, லண்டேனியன் என்ற விண்குடியிருப்பில் ரகசியமாக ஷாரோடு பேச்சு நடத்தி, தங்கக் கட்டிகளைப் பெற்றுக்கொண்டு ஆக்சிஸை விற்கிறார். இப்படிப்பட்டவர்களின் ஆட்சியைத் திருத்த முடியாது என்று ஷார் சொன்னால், அதை உடனே மறுக்கப் பார்வையாளருக்கு வாய் வராது. டொமினோ அந்த இக்கட்டில் நம்மை வேண்டுமென்றே நிறுத்துகிறார் என்று நினைக்கிறேன்.

ஆனால் அவன் தேர்ந்துகொண்ட வழியைப் பாருங்கள். தந்தையைக் கொன்று ஆட்சியைப் பறித்த ஸாபி குடும்பத்தைப் பழிவாங்குவதற்காகவே பெயரையும் முகத்தையும் மறைத்து இளமையைக் கழித்தவன் அவன். அந்த ஸாபிகளின் பெருங்குற்றம் என்ன? ஒரு விண்குடியிருப்பையே பூமியின்மேல் வீழ்த்தியதும், மனித குலத்தில் பாதியை அழித்த போரைத் தொடங்கியதும். தந்தையின் பெயரைச் சொல்லி, தந்தையைக் கொன்றவர்கள் செய்த அதே செயலைத் தன் 33-ஆம் வயதில் ஷார் செய்கிறான். தொடர் முழுவதையும் பார்த்தவருக்கு, இந்தப் படத்தின் மிகக் கொடிய செய்தி இதுதான்.

இப்போது லாலாவுக்கு வருகிறேன். நியூ கன்டத்தில் பொருத்தப்படும், ஓட்டுபவரின் மனத்தை இயந்திரத்தோடு இணைக்கும் சைக்கோ ஃபிரேம் தொழில்நுட்பம் எதிரியின் கைக்குப் போகும்படி செய்தவனே ஷார்தான். அமுரோ பின்தங்கிய இயந்திரத்தில் வந்து தோற்பதை அவன் விரும்பவில்லை. சமமான சண்டை வேண்டும் என்கிறான். ஓர் இயக்கத்தின் தலைவன், இலட்சக்கணக்கானோர் நம்பியிருக்கும் படைத்தலைவன், இப்படிச் செய்யலாமா? அந்த இடத்திலேயே, அவனுக்குள் இரண்டு போர்கள் நடக்கின்றன என்பது தெளிவாகிவிடுகிறது. கடைசிச் சண்டையின்போது அவனுடைய உதவியாளரும் காதலியுமான நானை மிகேல் அவனை மனத்தால் அழைக்க, இரண்டு ஆண்களுக்கு நடுவே வராதே என்று அவளை விலக்குகிறான். அவனுடைய அரசியலை அறிந்தவர்கள் பலர் உண்டு. லாலாவின் இழப்பை அறிந்தவன் அமுரோ ஒருவனே. ஆகவே அந்தப் பேச்சை அவன் வேறு யாரிடமும் பேச முடியாது, வேறு எந்த நேரத்திலும் பேசியிருக்க மாட்டான். போர்வை என்று நீங்கள் கேட்டீர்கள். அரசியலும் உண்மை, துயரமும் உண்மை, இரண்டையும் பிரித்துவைக்கத் தெரியாத ஒருவனிடம் படை இருந்தது என்றுதான் நான் சொல்வேன்.


மறுமொழி: கருங்கல்

வைகறை அவர்கள் எழுதியது ஷாரைப் பற்றிய விளக்கமாகச் சிறப்பாகவே இருக்கிறது. ஆனால் கேள்வி ஒரு தொடரின் முடிவைப் பற்றியது. முதல் தொடரில் 43, ஸீட்டாவில் 50, டபுள் ஸீட்டாவில் 47 என 140 அத்தியாயங்களுக்கு இந்தப் படம் முடிவுரையாக வருகிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் என்னால் நிறைவடைய முடியவில்லை.

ஸீட்டாவின் நாயகன் காமீயு பிதானின் பெயர் இந்தப் படத்தில் ஓரிடத்திலும் வரவில்லை. ஸீட்டாவின் இறுதியில் மனம் சிதைந்துபோன அந்த இளைஞனுக்கு மூத்தவனாகவும் வழிகாட்டியாகவும் இருந்தவன் ஷார். அவனைப் போருக்குள் இழுத்துவிட்டவர்களில் ஒருவன். ஒரு பிள்ளையின் திறமையைப் போருக்குப் பயன்படுத்தினால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவன், பிறகு அடெனாவரின் மகளான 13 வயதுக் குவெஸ் பராயாவை அதே இடத்தில் உட்கார வைக்கிறான் என்றால், அதற்குமுன் காமீயுவை ஒரு கணமாவது நினைத்தானா என்று அறிய எனக்கு உரிமை இல்லையா? ஷாரின் வீழ்ச்சிக்கு லாலாவைவிட வலுவான சாட்சி காமீயுதான். அந்தச் சாட்சியை அழைக்காமலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

குவெஸ் கதை இன்னும் என்னை வருத்துகிறது. வீட்டில் அன்பு கிடைக்காத பெண். லண்டேனியனில் குதிரையில் வரும் ஷாரைக் கண்டு, அவனும் அமுரோவும் கைகலக்கும்போது துப்பாக்கியை எடுத்து அமுரோவை நோக்கி நீட்டிவிட்டு, அவனோடு போய்விடுகிறாள். சண்டையில் தன் தந்தை ஏறிவந்த கப்பலைத் தான்தான் அழிக்கிறோம் என்றுகூட அறியாமல் அழிக்கிறாள். அவள் தன்னைத் தந்தையாகத் தேடியது புரிந்ததாகவும், அது சுமையாக இருந்ததால் அவளை இயந்திரமாக்கிவிட்டதாகவும் ஷாரே கடைசியில் ஒப்புக்கொள்கிறான். அமுரோ அவனுடைய சிறுமையைக் கண்டிக்கிறான், உண்மைதான். ஆனால் அந்தக் கண்டனத்துக்கு மறுமொழியாகத்தானே லாலாவின் பெயர் வருகிறது? அதோடு உரையாடல் திசைமாறி, அப்போதுதான் இறந்த ஒரு சிறுமி மறுபடியும் மறக்கப்படுகிறாள். நெற்றிப் பொட்டோடு அன்னப்பறவைகளுக்கிடையே கனவில் வரும் லாலாவுக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு பங்குகூடக் குவெஸுக்குக் கிடைக்கவில்லை. நானை, அமுரோவின் காதலி சென் அகி ஆகியோரும் ஆண்களின் கதைக்குப் பணி செய்துவிட்டு விலகுகிறார்கள்.

சைக்கோ ஃபிரேமின் ஒளி ஆக்சிஸைத் திருப்பிவிடும் முடிவையும் நான் ஏற்கவில்லை. தங்கம் வாங்கிய அரசின் குற்றத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பாறை விழாமல் போனதால் அந்த அரசே தப்பித்தும்விட்டது. கேட்கப்பட்ட கேள்விகள் அரசியல் கேள்விகள், கிடைத்த விடை ஓர் அற்புதம்.


மறுமொழி: தறிநாடா

கருங்கல் அவர்களே, குவெஸைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த ஒளியை வெறும் அற்புதம் என்று ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை. அதற்கு முன் நடப்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

கூட்டரசின் தளபதி பிரைட் நோவாவின் படை ஆக்சிஸை எப்படித் தடுக்க முயல்கிறது? முதலில் ஏவுகணைகள். கேமரன் புளூம் என்ற அதிகாரி, தன் பதவியையும் பொருட்படுத்தாமல், ஓராண்டுப் போர்க் காலத்து அணுகுண்டுகளை பிரைட்டிடம் ஒப்படைக்கிறார். முதல் தொடரில், பின்னாளில் பிரைட்டின் மனைவியான மிராய்க்கு முன்பு நிச்சயிக்கப்பட்டிருந்தவராக, கோழையாக நாம் பார்த்த மனிதர் அவர். அவரை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நினைவில் வைத்து இந்தப் பணியைக் கொடுத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்த அணுகுண்டுகளையும் நியோ ஸியோன் வீரன் கியூனே கஸ் சுட்டுவிடுகிறான். கடைசி வழியாக, வீரர்கள் கால்நடையாக ஆக்சிஸுக்குள் இறங்கி, உள்ளிருந்து வெடிவைத்து அதை இரண்டாகப் பிளக்கிறார்கள். திட்டம் வெற்றியடைகிறது. ஆனால் வெடிப்பு தேவைக்கு மேல் வலுவாக இருந்ததால், பின்பாதி வேகம் குறைந்து பூமியின் ஈர்ப்புக்குள் விழத் தொடங்குகிறது. வீரர்கள் தவறேதும் செய்யவில்லை. அவர்கள் தம் கடமையை நிறைவாகச் செய்ததாலேயே பாறை விழுகிறது. ஷார் அதைக் கண்டு சிரிக்கிறான். போரைப் பற்றி இதைவிடத் துல்லியமாக ஒரு காட்சி அமைக்க முடியுமா என்று தெரியவில்லை.

படைத்துறை செய்யக்கூடிய அனைத்தும் தீர்ந்துபோன பிறகே அமுரோ ஒற்றை இயந்திரத்தோடு அந்தப் பாறையில் கைவைக்கிறான். பிறகு நடப்பதைக் கவனியுங்கள். யாரும் கட்டளையிடாமலேயே கூட்டரசின் ஜெகன் இயந்திரங்கள் வந்து சேர்கின்றன. சற்றுமுன் வரை சுட்டுக்கொண்டிருந்த நியோ ஸியோனின் வீரர்களும் வந்து தோள்கொடுக்கிறார்கள். வெப்பத்தில் அவர்கள் எரிந்துபோவதைப் பார்த்து, விலகிப் போகும்படி அமுரோ கெஞ்சுகிறான். ஒளி அவர்களையெல்லாம் பத்திரமாக வெளியே தள்ளிவிடுகிறது. மனிதர்களுக்குத் தாமே முடிவெடுக்கும் ஆற்றல் இல்லை, அவர்களை அச்சுறுத்தித்தான் திருத்த வேண்டும் என்பது ஷாரின் வாதம். அந்த வாதத்துக்கு அமுரோவின் சொல் விடையாகவில்லை. பெயர்கூடச் சொல்லப்படாத அந்த வீரர்கள் வந்ததுதான் விடை. அரசு அப்படியே இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரே நாளில் அரசைத் திருத்திவிடலாம் என்று நம்பியவன் யார்? ஷார்தான். அந்த ஆசையை நிறைவேற்றாமல் விடுவதே படத்தின் நிலைப்பாடு.

கலைத்திறன் பற்றியும் ஓரிரு சொற்கள். ஒவ்வொரு படமும் கையால் வரையப்பட்ட காலத்தில், நியூ கன்டத்திலிருந்து பிரிந்து பறக்கும் ஃபின் ஃபன்னல் ஆயுதங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகித் திசைமாறிப் பாய்வதையும், இரு பெரும் இயந்திரங்கள் ஆயுதம் தீர்ந்து கைகளால் மோதிக்கொள்வதையும் குழப்பமில்லாமல் காட்டியிருக்கிறார்கள். விண்குடியிருப்பு சுழலும் ஒரு காட்சிக்குக் கணினி வரைகலையும் பயன்பட்டிருக்கிறது. ஸீட்டாவுக்கும் டபுள் ஸீட்டாவுக்கும் இசையமைத்த ஷிகேயாக்கி சாயேகுசாவே இதற்கும் இசையமைத்ததால், பழைய கதையின் தொடர்ச்சி காதுக்கும் கேட்கிறது. நியூ கன்டத்தையும் சஸாபியையும் வடிவமைத்தவர் யுதாக்கா இசுபுச்சி. பின்னாளில் எவாங்கெலியனை இயக்கிய ஹிதேயாக்கி அன்னோ, இந்தப் படத்தின்மேல் கொண்ட பற்றால் 1993-இல் இதற்கென்றே ஒரு ரசிகர் இதழைத் தொகுத்து வெளியிட்டார். இயக்குநர்களே இப்படி உட்கார்ந்து விவாதித்த படம் என்பதால், நாம் இங்கே ஒருமித்த கருத்துக்கு வராவிட்டாலும் குறையில்லை.


மறுமொழி: நீள்வான்

மூவருக்கும் நன்றி. டக்கார் உரையை இந்தப் படத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த அத்தியாயத்தை மறுபடி பார்க்கப் போகிறேன். காமீயு பற்றிக் கருங்கல் அவர்கள் எழுப்பிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். பிரைட்டின் மகன் ஹாத்தவே, குவெஸைக் கொன்றதற்காகச் சென் அகியைச் சுட்டுவிடுகிறானே, தன் பக்கத்தில் நின்று போரிடும் ஒரு பெண்ணை! அதன்பின் படம் அதைப் பற்றி எதுவுமே சொல்லாதது ஏன்? நாவல் வடிவில் இது வேறு மாதிரி என்று கேள்விப்பட்டேன்.


மறுமொழி: பனித்துறை

நாவலைப் பற்றி நான் சொல்கிறேன். டொமினோ இந்தக் கதையை நாவலாகவும் எழுதியிருக்கிறார். அவற்றில் 1988-இல் வந்த ‘பெல்டோர்ச்சிகாவின் பிள்ளைகள்’ என்பதுதான் நீங்கள் கேள்விப்பட்டது. ஸீட்டாவில் அமுரோவோடு நாம் பார்த்த அதே பெல்டோர்ச்சிகா, இந்த நாவலில் அவனுடைய குழந்தையைச் சுமந்துகொண்டிருக்கிறாள். கதாநாயகன் தந்தையாகப் போகிறவன் என்பது படத் தயாரிப்புத் தரப்பில் ஏற்கப்படவில்லை. அதனால்தான் திரைக்கதையில் அந்த இடத்துக்குச் சென் அகி வந்தாள். பெற்றோராகும் நிலையில் உள்ள அமுரோ, தாயைத் தேடிக்கொண்டே இருக்கும் ஷார் என்று எதிரெதிரே வைத்துப் படித்தால், கடைசி வாக்குவாதத்தில் ‘தாய்’ என்ற சொல் வருவதற்கு நாவலில் இன்னும் உறுதியான அடித்தளம் இருப்பது தெரியும். படத்தில் அந்தத் தூண் அகற்றப்பட்டுவிட்டதால்தான், நீள்வான், அந்தச் சொல் உங்களுக்கு எங்கிருந்தோ வந்து விழுந்ததைப்போல் இருந்திருக்கிறது.

ஹாத்தவே விஷயத்தில் வேறுபாடு இன்னும் பெரியது. நாவலில் குவெஸ் இறப்பது ஹாத்தவேயின் கையால். படத்திலோ, அவனைக் காப்பாற்ற அவனுடைய இயந்திரத்தைத் தள்ளிவிட்டு, சென் ஏவிய குண்டைக் குவெஸ் தானே ஏற்றுக்கொள்கிறாள். கருங்கல் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஷார் அவளை மறந்துவிடுகிறான், உரையாடலும் மறந்துவிடுகிறது. ஆனால் படத்தில் அவளுக்குக் கிடைக்கும் கடைசிச் செயல் யாருடைய ஆணைக்கும் கட்டுப்படாதது. ஆயுதமாக வளர்க்கப்பட்ட பெண் இன்னொரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டு இறக்கிறாள். அது போதுமான மரியாதை என்று நான் சொல்லவில்லை. அதைக் கணக்கில் எடுக்காமல் விடக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

ஹாத்தவே செய்ததைப் பற்றிப் படம் பேசாமல் விட்டதை டொமினோவே மேலே கொண்டுபோனார். 1989, 1990 ஆண்டுகளில் அவர் எழுதிய ‘ஹாத்தவே’ நாவல்களில், யூனிவர்சல் செஞ்சுரி என்ற கதையுலக ஆண்டுக்கணக்கில் 0105-இல், அவன் மாஃப்டி என்ற பெயரில் கூட்டரசின் உயரதிகாரிகளைக் கொல்லும் ஓர் இயக்கத்தின் தலைவனாகியிருக்கிறான். ஷார் கேட்ட அதே கேள்விதான் அவனையும் வாட்டுகிறது. அவன் தந்தை பிரைட் இன்னமும் அந்தக் கூட்டரசின் அதிகாரி. தங்கம் வாங்கிய அரசு யாருக்கும் பதில் சொல்லாமல் தப்பித்துவிட்டது என்று கருங்கல் வருந்தினார் அல்லவா? அந்த வருத்தத்தைத்தான் இந்தப் பையன் 12 ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறான். ஆகவே 1988-இன் படம் அமுரோ, ஷார் இருவரின் கதைக்கு மட்டுமே முடிவு. போருக்கு அது முடிவு என்று டொமினோ ஒருபோதும் கருதவில்லை என்பதே என் வாசிப்பு.

இந்த நாவல்கள் 2021 முதல் ஷுக்கோ முராசேயின் இயக்கத்தில் திரைப்படங்களாக வரத் தொடங்கிவிட்டன. கால வரிசைப்படி இடையில் 0096-இல் நடக்கும் ‘யூனிகார்ன்’ என்ற கன்டம் கதை வந்தாலும், நீங்கள் அதை ஒதுக்கிவைத்துவிட்டு நேராக ‘ஹாத்தவே’க்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன். குவெஸ் இறந்த காட்சி மனத்தில் பசுமையாக இருக்கும்போது பார்த்தால்தான், அவன் ஏன் இன்னும் அவளுடைய குரலைக் கேட்கிறான் என்பது விளங்கும். யூனிகார்னைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.